அப்பாவின் ஹெட்போனில் சத்தம் ஏன் ஏறவில்லை?

டிவி, ரேடியோ ரிப்பேர் சம்பந்தமான கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதிவருகிறேன். இந்த முறை வந்த கடிதங்கள் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. வீட்டுப் பெரியவர்களுக்கு ஒயர் இல்லாத ஹெட்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அது செட்டாப் பாக்ஸோடு ஒத்துப்போகவில்லை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஐயா, என் அப்பாவுக்கு 78 வயது. காது கொஞ்சம் மந்தம். அவர் வைக்கும் சத்தத்தில் பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று, ரேடியோ அலையில் வேலை செய்யும் ஹெட்போன் ஒன்று வாங்கினோம். ஒலியை அனுப்பும் அதன் டிரான்ஸ்மிட்டர் பெட்டியை செட்டாப் பாக்ஸின் சிவப்பு, வெள்ளை பின்களில் கொடுத்திருக்கிறோம். படம் ஹெச்.டி.எம்.ஐ. ஒயரில் டிவிக்குப் போகிறது. ஹெட்போனில் வால்யூமை முழுதாக வைத்தாலும் பேச்சு சன்னமாகத்தான் கேட்கிறது. கூடவே 'உஸ்' என்று இரைச்சல். அமைதியான காட்சி வந்தால் சில சமயம் தானாகவே நின்றுபோகிறது. விற்ற கடையில் கேட்டால் "செட் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடலாமா?
— ஒரு வாசகி, தென்காசி

சண்டை வேண்டாம் அம்மா. கடைக்காரர் சொன்னது அநேகமாகச் சரி. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான்: டிரான்ஸ்மிட்டருக்குப் போய்ச் சேருகிற சிக்னல் போதவில்லை.

முதலில் தானாக நிற்பதைப் பார்ப்போம். இந்த வகை டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றில் ஆன் செய்ய சுவிட்ச் இருக்காது. ஒயரில் சத்தம் வந்தால் தானே விழித்துக்கொள்ளும், சில நிமிடம் ஒன்றும் வரவில்லை என்றால் தானே அணைந்துவிடும். உங்கள் பாக்ஸிலிருந்து வருவதே மெலிந்த சிக்னல். அதில் அமைதியான காட்சி வரும்போது, சத்தமே இல்லை என்று டிரான்ஸ்மிட்டர் முடிவு செய்துவிடுகிறது.

இரைச்சலும் அப்படித்தான். எந்தக் கருவியிலும் தனக்கென்று ஒரு சிறு இரைச்சல் இருக்கும், அது எப்போதும் ஒரே அளவு. பேச்சு அதைவிடப் பல மடங்கு பலமாக வந்தால் இரைச்சல் காதில் விழாது. வீட்டுக் கருவிகளின் சிவப்பு, வெள்ளை பின்களில் உச்ச சத்தத்தின்போது ஒன்று முதல் இரண்டு வோல்ட் வரை வரும். பாக்ஸின் வால்யூமை 20 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைத்தால் அந்த வோல்ட் பத்தில் ஒரு பங்காகிவிடும். இழந்ததை ஈடுகட்ட ஹெட்போன் பக்கத்தில் 20 டெசிபல் ஏற்றினால், பேச்சோடு இரைச்சலும் பத்து மடங்காக ஏறும். இருட்டில் எடுத்த போட்டோவைப் பிறகு வெளிச்சமாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அது மாதிரி. ஆகவே முதல் இடத்தில் நிறையக் கொடுக்க வேண்டும், கடைசி இடத்தில் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது.

ஏன் தலைகீழாகிறது என்றால், ரிமோட்டால். இப்போது பாக்ஸோடு வரும் ரிமோட்டுகள் பலவற்றில் சில பட்டன்களை டிவி ரிமோட்டிலிருந்து கற்றுக்கொள்ள வைக்கலாம். பாக்ஸ் மாட்ட வருகிற தம்பி, வீட்டுக்கு ஒரே ரிமோட் போதும் என்று நல்ல எண்ணத்தில் வால்யூம் பட்டனை டிவிக்குப் பழக்கிவிட்டுப் போயிருப்பார். அதன் பிறகு பாக்ஸின் சொந்த வால்யூமை யாரும் தொடுவதே இல்லை. அது அன்றைக்கு எங்கே இருந்ததோ, பாதியிலோ கால்வாசியிலோ, அங்கேயே நிற்கும். டிவியில் சத்தத்தைக் கூட்டிக்கொள்வதால் குறை தெரியாது. சிவப்பு, வெள்ளை பின்களில் இருந்து நேராக எடுக்கும் ஹெட்போனுக்குத்தான் அது தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க எந்த மீட்டரும் வேண்டாம். வால்யூம் பட்டனை அழுத்தும்போது திரையில் வரும் கோட்டைப் பாருங்கள். சேனல் பெயர் காட்டுகிற அதே பாணியில் கோடு வந்தால் அது பாக்ஸின் வால்யூம். டிவி மெனுவின் பாணியில் வந்தால் அது டிவியின் வால்யூம். உங்கள் வீட்டில் இரண்டாவதுதான் வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்தப் பட்டனின் பழக்கத்தை அழிக்க வேண்டும். அழிக்கும் முறை ரிமோட்டுக்கு ரிமோட் வேறுபடும், கேபிள்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஹெட்போனை அப்பாவின் காதிலிருந்து கழற்றிவிட்டு, அதன் வால்யூமை அடியில் வையுங்கள். இதை மறக்க வேண்டாம். பாக்ஸில் ஏற்றியதும் பழைய அளவிலேயே ஹெட்போன் இருந்தால் காதில் அறைந்த மாதிரி இருக்கும். பிறகு பாக்ஸின் வால்யூமை முழுதாக ஏற்றுங்கள். டிவியில் சத்தம் அதிகமானால் டிவியின் ரிமோட்டால் குறையுங்கள். இப்போது ஹெட்போனை நீங்கள் மாட்டிக்கொண்டு மெல்ல ஏற்றிக் கேளுங்கள். செய்தி வாசிப்பவரின் 'ச', 'ஸ' எழுத்துகள் கிழிந்தாற்போல் வந்தாலோ, பாட்டில் தவில் சத்தம் உடைந்தாலோ பாக்ஸில் இரண்டு மூன்று புள்ளி இறக்குங்கள். உடையாமல் எவ்வளவு மேலே நிற்குமோ அதுதான் பாக்ஸின் இடம். அதற்குப் பிறகு பாக்ஸின் வால்யூமை வீட்டில் யாரும் தொடக்கூடாது. பிள்ளைகளுக்கு டிவி ரிமோட், அப்பாவுக்கு ஹெட்போன் பட்டன். சத்தமே வேண்டாம் என்றால் டிவி ரிமோட்டில் மியூட் செய்யுங்கள், அப்பாவுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். பாக்ஸில் மியூட் செய்தால் இரண்டு பேருக்கும் நின்றுவிடும்.

சில பாக்ஸ்களின் ஆடியோ மெனுவில் 'ஃபிக்ஸ்டு', 'வேரியபிள்' என்று ஒரு தேர்வு இருக்கும். இருந்தால் ஃபிக்ஸ்டு வையுங்கள். பாக்ஸ் எப்போதும் முழு அளவே கொடுக்கும், யார் ரிமோட்டை அழுத்தினாலும் மாறாது.

இவ்வளவு செய்தும் ஏறவில்லை என்றால், ஹெட்போன் ஜாக் உள்ள ஒரு மொபைலை டிரான்ஸ்மிட்டரில் மாட்டிப் பாருங்கள். பாட்டு வேண்டாம், யாராவது பேசுகிற வீடியோவை வையுங்கள். பாட்டை எப்போதும் அதிக அளவில்தான் பதிவு செய்திருப்பார்கள், அதை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். மொபைலில் கணீரென்று கேட்டால் டிரான்ஸ்மிட்டரில் கோளாறு இல்லை, பாக்ஸின் அந்தப் பின்கள்தான் மெலிவு. அப்போது டிவியின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து எடுத்துப் பாருங்கள். பல டிவிகளில் அங்கே பின் சொருகியதும் ஸ்பீக்கர் நின்றுவிடும். இரண்டும் சேர்ந்து பாடும்படி வைக்க மெனுவில் வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொபைலிலும் சன்னமாகவே கேட்டால், அப்போது கடைக்குப் போகலாம்.

அப்புறம், அந்த ஹெட்போனில் இருப்பது பேனா பேட்டரி வகை ரீசார்ஜ் செல் என்றால், தேய்ந்ததும் அதே வகை ரீசார்ஜ் செல்தான் போட வேண்டும். சாதாரண செல்லைப் போட்டு சார்ஜ் செய்யும் ஸ்டாண்டில் வைத்தால் அது ஒழுகி ஹெட்போனையே கெடுத்துவிடும்.

ஆப்டிகல் ஒயர் மாட்டும் ஒயர்லெஸ் ஹெட்போன் வைத்திருக்கிறேன். சாதாரண சேனல்களில் அருமையாகக் கேட்கிறது. ஹெச்.டி. சேனல் சிலவற்றுக்குப் போனால் ஊமை. பாக்ஸ் பழுதா, ஹெட்போன் பழுதா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் பழுதில்லை. அந்த ஹெச்.டி. சேனல்கள் ஒலியை டால்பி என்ற சுருக்கிய டிஜிட்டல் முறையில் அனுப்புகின்றன. உங்கள் பாக்ஸ் அதைப் பிரிக்காமல் அப்படியே ஆப்டிகல் ஒயரில் தள்ளிவிடுகிறது. ஹோம் தியேட்டர் அதைப் பிரித்துக்கொள்ளும். ஹெட்போன் டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் பி.சி.எம். என்ற சாதாரண டிஜிட்டல் ஒலியை மட்டுமே புரிந்துகொள்ளும். பாக்ஸ் மெனுவில் ஆடியோ பகுதிக்குப் போய் டால்பி, பிட்ஸ்ட்ரீம், பாஸ் த்ரூ என்று எது இருந்தாலும் அதை பி.சி.எம். அல்லது ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். ஆப்டிகல் ஒயர் டிவியிலிருந்து வருகிறது என்றால் டிவியின் மெனுவிலும் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்பதை பி.சி.எம். ஆக்குங்கள்.

மாற்றிய பிறகு ஹெச்.டி. சேனலில் சத்தம் வரும், ஆனால் மற்றதைவிடக் குறைவாக வரலாம். பலர் இந்த இடத்தில்தான் ஹெட்போனைக் குறை சொல்லி மூலையில் போட்டுவிடுகிறார்கள். டால்பியைப் பிரிக்கும் கருவிக்கு இரண்டு நடைமுறைகள் உண்டு. 'லைன்' என்பதில் மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓரளவு அப்படியே இருக்கும், பேச்சு தாழ்வாக நிற்கும். 'ஆர்.எஃப்.' என்பதில் வெடிச்சத்தங்களை அழுத்திவிட்டுப் பேச்சை 11 டெசிபல் மேலே கொண்டுவருவார்கள். 11 டெசிபல் என்பது சின்ன விஷயம் இல்லை, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். சில பாக்ஸ்களில் இதே தேர்வு 'நைட் மோட்', 'நேரோ' என்ற பெயர்களில் இருக்கும். ஹெட்போனில் சீரியலும் செய்தியும் கேட்பவர்களுக்கு இதுதான் ஏற்றது. சினிமாவைத் தியேட்டர் போலக் கேட்க விரும்புகிறவர்கள் லைனிலேயே விட்டுவிடலாம்.

ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை பாக்ஸில் மாட்டியிருக்கிறேன். சத்தத்தில் குறையில்லை. ஆனால் வாய் அசைந்த பிறகுதான் பேச்சு வருகிறது.
— ஒரு வாசகர், காரைக்கால்

ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுமுனையில் விரித்துக் கேட்பிக்க நேரமாகும். எஸ்.பி.சி. என்ற சாதாரண முறையில் ஏறக்குறைய 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை பிந்தும். ஒலி பிந்துவது 125 மில்லி செகண்ட் அளவில் மனிதருக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று சொல்கிறது. உங்கள் கண்ணும் காதும் சரியாகத்தான் இருக்கின்றன.

ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறையில் பிந்துதல் 40 மில்லி செகண்ட் அளவுதான். ஆனால் டிரான்ஸ்மிட்டர், ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் பழைய முறைக்கே போய்விடும், வாங்கும்போது இரண்டு பெட்டியிலும் எழுதியிருப்பதைப் பாருங்கள். டிவிக்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் நான் ப்ளூடூத்தைச் சொல்ல மாட்டேன். தென்காசி வாசகி வாங்கியிருக்கும் ரேடியோ அலை வகைதான் பெரியவர்களுக்கு நல்லது. இணைக்கும் தொல்லை இல்லை, பேச்சும் பிந்தாது.

உங்களுக்குச் சத்தத்தில் குறையில்லை என்பது நல்லது. ப்ளூடூத்தில் சத்தம் போதாதவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில டிரான்ஸ்மிட்டர்களில் ஒரு வால்யூம், ஹெட்போனில் ஒரு வால்யூம் என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். இங்கேயும் அதே ஒழுங்குதான்: பாக்ஸில் நிறைய, டிரான்ஸ்மிட்டரில் நிறைய, காதுக்குப் பக்கத்தில் அளவாக.

சின்ன பாக்ஸ். சிவப்பு, வெள்ளை பின் இல்லை, ஏ.வி. என்று எழுதிய ஒரே ஒரு சின்ன ஓட்டை. ஹெட்போன் டிரான்ஸ்மிட்டரின் ஒயரை அதில் நேராகச் சொருகினால் ஒரு காதில் மட்டும் கேட்கிறது, 'கொர்' என்ற சத்தம் வேறு.
— ஒரு வாசகர், விருதுநகர்

அந்த ஓட்டையில் படமும் சேர்ந்து வருகிறது ஐயா. ஹெட்போன் ஒயரின் பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும், அதாவது மூன்று இணைப்பு. ஏ.வி. ஓட்டைக்குத் தேவை மூன்று வளையம், நான்கு இணைப்பு: இரண்டு ஒலி, ஒரு படம், ஒரு கிரவுண்ட். மூன்று இணைப்புப் பின்னைச் சொருகினால் ஏதோ ஒன்று கிரவுண்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு காது போவது அதனால். நீங்கள் கேட்கும் 'கொர்' பெரும்பாலும் படத்தின் சிக்னல்.

பாக்ஸோடு வந்த மூன்று வண்ண ஏ.வி. ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிவப்பு, வெள்ளை முனைகளில் டிரான்ஸ்மிட்டரை இணையுங்கள், மஞ்சளைச் சும்மா விடுங்கள். பாக்ஸோடு வந்த ஒயர் தொலைந்து கடையில் வேறு வாங்கினால் எச்சரிக்கை வேண்டும். இந்த நான்கு இணைப்புகளின் வரிசை எல்லா கம்பெனிக்கும் ஒன்றில்லை. சிவப்பில் 'கொர்' வந்தால் அந்த ஒயரில் படம் சிவப்புக்குப் போயிருக்கிறது, அதைக் கழற்றிவிட்டு மஞ்சளை மாட்டிப் பாருங்கள். வண்ணத்தை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள்.

சரியான ஒயர் போட்ட பிறகும் தாழ்ந்த குரலில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தால் அது வேறு கோளாறு. பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றுவிட்டால், கேபிளின் எர்த்துக்கும் உங்கள் வீட்டு எர்த்துக்கும் இடையே கரண்ட் சுற்றுகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த முனகலும் அதையொட்டியே இருக்கும். 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று சின்ன டப்பா விற்கிறார்கள், ஆடியோ ஒயரின் நடுவில் போட்டால் போதும். எந்த பிளக்கிலும் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். சிலர் அப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது உயிருக்கு ஆபத்து.

விளம்பரம் வரும்போதெல்லாம் ஹெட்போனில் சத்தம் எகிறுகிறது. அம்மா திடுக்கிட்டுக் கழற்றிவிடுகிறார். இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா?
— ஒரு வாசகி, சேலம்

இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில், விளம்பரம் அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கக்கூடாது என்று 7ஆம் விதி சொல்கிறது. ஆனால் எத்தனை டெசிபல் என்ற எண் அந்த வரியில் இல்லை. அமெரிக்காவில் இதற்கென்றே 2010இல் சட்டம் போட்டு, 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010இலேயே சராசரி ஒலிக்கு ஓர் அளவை வகுத்துக்கொண்டார்கள். நம் ஊரிலும் எண்ணோடு எழுதி, கண்டிப்பாகக் கண்காணிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வீட்டில் செய்யக்கூடியது: டிவி மெனுவில் 'ஆட்டோ வால்யூம்' என்று ஒன்று இருக்கும். ஆனால் அது டிவி வழியாகப் போகும் ஒலியை மட்டுமே சமன் செய்யும். பாக்ஸிலிருந்து நேராக எடுத்தால் பயன் இல்லை. அம்மாவுக்கு மட்டும் ஹெட்போனை டிவியின் ஜாக்குக்கு மாற்றிக் கொடுங்கள். சில டிவிகளில் ஹெட்போன் ஜாக்குக்கும் ஆட்டோ வால்யூம் சேராது, மாட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் கணவர் ஹெட்போனை எப்போதும் முழு சத்தத்தில் வைத்துத்தான் கேட்கிறார். வெளியே நிற்கும் எனக்கே வசனம் புரிகிறது. இப்படிக் கேட்கலாமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

கூடாது அம்மா. வயது வந்தவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனமும் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2018இல் வகுத்த அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி. டிவி பார்க்கிறவர்கள் ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் மாட்டிக்கொண்டிருப்பார்கள், கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

முதலில் மேலே தென்காசிக்குச் சொன்னபடி பாக்ஸைச் சரி செய்யுங்கள். பேச்சு தெளிவாக வந்தால் பலர் தாங்களே வால்யூமைக் குறைத்துக்கொள்கிறார்கள். இரைச்சலுக்கு மேலே வார்த்தையைப் பிடிப்பதற்காகத்தான் ஏற்றிவைக்கிறார்கள். அப்புறம் ஹெட்போனில் பேலன்ஸ் பட்டன் இருக்கிறதா பாருங்கள். ஒரு காது மந்தமாக இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் கூட்டி, நல்ல காதைக் காப்பாற்றலாம்.

பாக்ஸ் சரியாகி, இரைச்சல் போய், அதற்குப் பிறகும் முழு சத்தம் வேண்டும் என்றால், ரிப்பேர்காரன் செய்ய அதில் ஒன்றும் இல்லை. காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால்கூட இப்படி ஆகும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். டாக்டர் காது மெஷின் எழுதிக்கொடுத்தால், டிவி ஒலியை நேராக வாங்கிக்கொள்ளும் வசதி உள்ள மெஷினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெஷினுக்கு மேலே ஹெட்போனை மாட்டினால் 'கீச்' என்று ஊளையிடும், அதனால் பலர் மெஷினைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். நேராக வாங்கும் மெஷின் என்றால் தனியாக ஹெட்போனே வேண்டாம். அதற்கான சின்னப் பெட்டியையும் இதே பாக்ஸின் சிவப்பு, வெள்ளை பின்களில்தான் மாட்டப் போகிறீர்கள், வால்யூமை வைக்கும் முறையும் இதேதான்.